நாயின் வயிற்றுக் குழப்பமும் வீட்டுப் பராமரிப்பும்

வளர்ந்த, தடுப்பூசிகள் ஒழுங்காகப் போடப்பட்ட, மற்றபடி உற்சாகமாக இருக்கும் ஒரு நாய்க்குத் திடீரென ஏற்படும் வாந்தியும் வயிற்றோட்டமும் பெரும்பாலும் இரண்டு மூன்று நாட்களில் தாமாகவே அடங்கிவிடும். இதைச் சொல்வதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. பார்வோ வைரசும், எலிக்காய்ச்சலும், கணைய அழற்சியும், நஞ்சும், குடலில் சிக்கிய மாங்கொட்டையும் இதே இரண்டு அறிகுறிகளோடுதான் தொடங்குகின்றன. ஆகவே, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர் மருந்து தேடுவதற்கு முன்னர், இது வீட்டில் வைத்திருக்கக்கூடிய நிலைதானா என்பதைப் பிரித்தறிய வேண்டும். அதன் பின்னர் செய்ய வேண்டியவை மிகக் கொஞ்சம்: இழந்த நீரை ஈடுசெய்வது, குடலுக்கு இலகுவான உணவைச் சிறிது சிறிதாகக் கொடுப்பது, தேவையற்ற எதையும் கொடுக்காமல் இருப்பது. கடைசியாகச் சொன்னதுதான் நம் வீடுகளில் மிகக் கடினமாக இருக்கிறது.

கொழும்பில் நாயின் வயிறு கெடுவதற்கான வாய்ப்புகள் வீட்டு வாசலிலேயே தொடங்குகின்றன. குப்பை வண்டிக்காகக் காலையில் வெளியே வைக்கப்படும் பைகள், கால்வாயோரங்களில் வீசப்படும் மதியச் சோற்றுப் பார்சல்கள், வெசாக் நாட்களில் இலவசமாக உணவு வழங்கும் தன்சல்கள் முடிந்த பின்னர் தெருவில் எஞ்சும் உணவு, தீபாவளிக்கு மறுநாள் நாய்க்கென்று ஒதுக்கப்படும் ஆட்டிறைச்சிக் கறியும் எலும்பும் என்று பட்டியல் நீளும். நமது வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் சமைத்த சோறு சில மணி நேரத்திலேயே பக்டீரியாக்கள் பெருகுவதற்கு ஏற்றதாகிவிடுகிறது. அவற்றுள் சில வெளியிடும் நச்சுப் பொருட்கள் மீண்டும் சூடாக்கினாலும் அழிவதில்லை. கெட்ட உணவை உண்ட நாய் வாந்தி எடுப்பது உடல் தன்னைக் காத்துக்கொள்ளும் வழிகளில் ஒன்று. ஓரிரு தடவை வாந்தி எடுத்துவிட்டு வழக்கம்போல் வாலாட்டிக்கொண்டு திரியும் நாயைப் பற்றிப் பதற வேண்டியதில்லை.

கொழுப்பு வேறு வகையில் தீங்கு செய்கிறது. தேங்காய்ப்பால் தடித்த கறி, பொரித்த கோழித் தோல், நெய் வழியும் சர்க்கரைப் பொங்கல் போன்றவற்றைத் திடீரென அதிகமாக உண்ட நாய்களுக்குக் கணைய அழற்சி ஏற்படக்கூடும். அது சாதாரண வயிற்றுக் குழப்பமன்று. கடும் வயிற்றுவலியுடன் தொடர்ச்சியான வாந்தியைத் தரும். முன்னங்கால்களைத் தரையில் நீட்டிப் பின்புறத்தை உயர்த்தி, வணங்குவதுபோல் நாய் நீண்ட நேரம் நிற்குமானால் அதை வயிற்றுவலியின் அடையாளமாகக் கொள்ளலாம்.

நமது சமையலறைப் பொருட்களில் சில நாய்க்கு நேரடியான நஞ்சு. வெங்காயமும் வெள்ளைப்பூடும், பச்சையாக இருந்தாலும் சமைத்திருந்தாலும், நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கின்றன. அதன் விளைவு உண்டவுடன் தெரியாது, சில நாட்கள் கழித்தே சோர்வாகவும் வெளிறிய ஈறுகளாகவும் வெளிப்படும். திராட்சையும் உலர்திராட்சையும் சில நாய்களின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்கின்றன. உலர்திராட்சை நிறைந்த நத்தார் கேக்கை மேசை விளிம்பில் விட்டு வைப்பவர்கள் இதைக் கவனத்திற் கொள்ள வேண்டும். இதற்கான காரணம் நெடுங்காலம் விளங்காமலே இருந்தது. 2021ஆம் ஆண்டில் அமெரிக்க விலங்கு நச்சியல் வல்லுநர்கள், திராட்சையிலுள்ள தாத்தாரிக் அமிலமே காரணமாக இருக்கலாம் என்ற கருத்தை முன்வைத்தார்கள். அடுத்த ஆண்டில், அதே அமிலம் செறிந்த புளியைத் தின்ற நாய்களுக்கும் அதுபோன்ற சிறுநீரகப் பாதிப்பு ஏற்பட்டமை ஆய்விதழில் வெளியாயிற்று. நாள்தோறும் புளி கரைக்கும் வீடுகளில் வாழ்கின்ற நாய்களைப் பொறுத்தவரை இது மிக முக்கியமான செய்தி என்றே கருதுகிறேன். புளிப் பொதியை நாய்க்கு எட்டாத இடத்தில் வைப்பதற்கு ஒரு நிமிடம்கூடத் தேவையில்லை.

எந்த நிலையில் வீட்டுப் பராமரிப்பைப் பற்றி யோசிக்கவே கூடாது என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஆறு மாதத்திற்கும் குறைந்த வயதுடைய, அல்லது தடுப்பூசி முழுமையாகப் போடப்படாத குட்டி வாந்தியெடுத்தால் அன்றைக்கே மிருக வைத்தியரிடம் கொண்டுசெல்ல வேண்டும். 1978இல் உலகெங்கும் பரவத் தொடங்கிய பார்வோ வைரஸ் இன்றும் குட்டிகளைக் கொல்கிறது. குடலின் உட்படலத்தையும் வெள்ளணுக்களை உருவாக்கும் எலும்பு மச்சையையும் ஒரே நேரத்தில் அது தாக்குவதால், நாற்றமடிக்கும் இரத்த வயிற்றோட்டம் தொடங்குவதற்குள் குட்டி துவண்டுவிடும். வாந்தியிலோ மலத்திலோ கணிசமான இரத்தம் காணப்படுதல், மலம் தார்போல் கறுத்திருத்தல், குடித்த நீர்கூட வயிற்றில் தங்காமை, ஈறுகள் வெளிறுதல் அல்லது மஞ்சளித்தல், எழுந்து நிற்க முடியாத சோர்வு, உடல் நடுக்கம் ஆகிய எதுவாயினும் காத்திருப்பதற்கு இடமில்லை. அல்சேஷன் போன்ற ஆழ்ந்த மார்புள்ள பெரிய நாய்கள் வயிறு உப்பி, வாந்தியெடுக்கத் திரும்பத் திரும்ப முயன்றும் எதுவும் வெளிவராமல் தவித்தால், இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். அங்கே நாட்கணக்கில்லை, மணிக்கணக்குத்தான்.

மழைக்காலத்தில் இன்னொன்றையும் நினைவில் வைத்திருக்க வேண்டும். களனி கங்கை பெருகிக் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கங்களில் நீர் தேங்கும் நாட்களில் எலிகளின் சிறுநீர் கலந்த நீரின் வழியாக எலிக்காய்ச்சல் மனிதருக்கு மட்டுமன்றி நாய்களுக்கும் தொற்றுகிறது. தேங்கிய நீரில் நடந்த, அதைக் குடித்த நாய் சில நாட்கள் கழித்துக் காய்ச்சலுடன் வாந்தியெடுத்தால், அந்த விவரத்தை வைத்தியரிடம் முதலிலேயே சொல்வது நோயைக் கண்டறிய உதவும். அதன் சிறுநீரை வெறுங்கையால் துடைக்கக் கூடாது.

இதனோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய எச்சரிக்கை விசர்நோய் பற்றியது. இலங்கையில் விசர்நோய் இன்னும் ஒழிக்கப்படவில்லை. வாயிலிருந்து எச்சில் வடிய, விழுங்க முடியாமல் தவிக்கும் நாயைக் கண்டதும் தொண்டையில் எலும்பு சிக்கியிருப்பதாக எண்ணி வாய்க்குள் கையை விடுவது பலருக்கும் இயல்பாக வருகிறது. தடுப்பூசி விவரம் தெரியாத நாயிடத்தில், அதன் குரலோ நடத்தையோ மாறியிருக்கும் வேளையில், இதை ஒருபோதும் செய்யக் கூடாது.

மேற்சொன்ன எதுவும் இல்லையென்றால், அடுத்ததாக நாயின் நீர்நிலையைப் பார்க்க வேண்டும். மேலுதட்டைத் தூக்கி ஈறை விரலால் தொட்டால் அது வழுவழுப்பான ஈரத்துடன் இருக்க வேண்டும். பிசுபிசுப்பாகவோ உலர்ந்தோ இருந்தால் உடல் நீரை இழந்துவிட்டது என்று பொருள். அதே ஈறை அழுத்திவிட்டு விரலை எடுத்தால், வெளுத்த இடம் இரண்டு வினாடிக்குள் மீண்டும் இளஞ்சிவப்பாக வேண்டும். தோள்பட்டைகளுக்கு இடையிலுள்ள தோலை இலேசாகத் தூக்கிவிட்டால் உடனே படிய வேண்டும். ஆனால் முதிய, மெலிந்த நாய்களில் இயல்பிலேயே தோல் மெதுவாகப் படியும் என்பதாலும், கொழுத்த நாய்களில் நீரிழந்தாலும் விரைவாகப் படியும் என்பதாலும், தோலை மட்டும் நம்பாமல் ஈறையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஆசனவாயில் வைத்து அளக்கப்படும் உடல் வெப்பநிலை 38.3 முதல் 39.2 பாகை செல்சியஸ் வரை இருப்பது நாய்க்கு இயல்பு. மனிதரின் அளவை வைத்துக் காய்ச்சல் என்று முடிவு கட்டுவது தவறு. நாய் நலமாக இருக்கும் நாளிலேயே அதன் ஈறின் நிறத்தையும் ஈரத்தையும் பார்த்துப் பழகியிருப்பவருக்கு நோய்க்காலத்தில் வேறுபாடு சட்டென்று தெரியும்.

நலமான நாய்க்கு ஒரு நாளில் ஒரு கிலோகிராம் உடல் நிறைக்கு ஏறத்தாழ 50 முதல் 60 மில்லிலீற்றர் வரை நீர் தேவை. 10 கிலோகிராம் நாயொன்றுக்கு அது ஏறக்குறைய அரை லீற்றர். வயிற்றோட்டத்தில் இழப்பதும், கொழும்பின் புழுக்கத்தில் மூச்சிரைப்பதால் இழப்பதும் இதற்கு மேலதிகம். ஆனாலும் வாந்தியெடுத்த நாய்க்கு முன்னால் நிறைந்த பாத்திரத்தை வைத்தால், அது தாகத்தில் ஒரே மூச்சாகக் குடித்து இரைப்பை விரிந்து மீண்டும் வாந்தியெடுக்கும். ஆகவே, முதலில் இரண்டு மூன்று மேசைக்கரண்டி நீரை இருபது முப்பது நிமிடங்களுக்கு ஒருமுறை கொடுத்து, அது தங்கினால் படிப்படியாகக் கூட்டுவதே சரியான வழி. சில மணி நேரம் இவ்வாறு கொடுத்தும் ஒவ்வொரு முறையும் வெளியே வந்துவிட்டால், ஊசி வழியாகத் திரவம் ஏற்ற வேண்டிய நிலைக்கு நாய் வந்துவிட்டது.

வெறும் நீரைவிட உப்பும் குளுக்கோசும் சரியான விகிதத்தில் கலந்த நீர் ஏன் சிறந்தது என்பதற்கு ஓர் உடலியல் காரணம் உண்டு. சிறுகுடலின் சுவரில் சோடியமும் குளுக்கோசும் ஒன்றுசேர்ந்தே உட்செல்லும் ஒரு கடத்தல் வழி இருக்கிறது. அவை உட்செல்லும்போது நீரும் அவற்றைத் தொடர்ந்து உட்செல்லும். 1960இல் உயிர்வேதியியலாளர் ரொபர்ட் கிரேன் விளக்கிய இந்தச் செயல்முறையே, 1971இல் வங்காள அகதி முகாம்களில் மருத்துவர் திலீப் மகலநாபிஸ் கொலரா நோயாளிகளுக்கு வாய்வழித் திரவம் கொடுத்து ஆயிரக்கணக்கானோரைக் காப்பாற்றியதன் அடிப்படை. கடுமையான வயிற்றோட்டத்திலும் இந்த வழி பெரும்பாலும் சேதமடையாமல் இயங்குகிறது. நாயின் குடலிலும் இதே வழி உண்டு. இவ்வாறு உப்பும் குளுக்கோசும் கலந்த பொடியாக நமது பாமசிகளில் கிடைக்கும் ஜீவனிப் பொதியை அதில் குறிப்பிட்ட அளவு கொதித்தாறிய நீரில் முழுமையாகக் கரைத்து, மேற்சொன்னவாறு சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். பாதிப் பொதியைக் குத்துமதிப்பான நீரில் கரைப்பதும், சுவைக்காகச் சீனி சேர்ப்பதும் அந்த விகிதத்தைக் குலைத்துவிடும். செயற்கை இனிப்பு சேர்ந்த திரவங்களை வாங்கவே கூடாது. அவற்றில் சைலிற்றோல் இருந்தால் நாயின் இரத்தத்தில் சர்க்கரை அபாயகரமாகக் குறைந்துவிடும்.

செவ்விளநீர் பற்றி எல்லோரும் கேட்பார்கள். அதில் பொற்றாசியம் நிறைய உண்டு. வயிற்றோட்டத்தில் பெரிதும் இழக்கப்படும் சோடியமோ மிகக் குறைவு. ஆகவே நாய் விரும்பினால் சில கரண்டி கொடுப்பதில் தவறில்லை என்றாலும், அதை ஜீவனிக்குப் பதிலாகக் கொள்ள முடியாது. சிறுநீரக நோயுள்ள நாய்க்கு அதைத் தவிர்க்க வேண்டும். உப்பு அதிகம் சேராத சோற்றுக் கஞ்சித்தண்ணீர் இதைவிடப் பயனுள்ளது, ஏனெனில் அதிலுள்ள மாப்பொருள் குடலில் மெதுவாகக் குளுக்கோசாக உடைகிறது.

உணவைப் பொறுத்தவரை, பழைய அறிவுரையும் புதிய அறிவும் வேறுபடுகின்றன. ஒரு நாள் முழுவதும் பட்டினி போட்டுக் குடலுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்பது பழைய வழக்கம். ஆனால் குடலின் உட்பக்கக் கலங்கள் தமக்கு வேண்டிய ஊட்டத்தின் பெரும்பகுதியை இரத்தத்திலிருந்து அல்லாமல், குடல் வழியே செல்லும் உணவிலிருந்தே பெறுகின்றன. உணவு வராதபோது உட்படலம் மெலிந்து, சீராகுவதும் தாமதிக்கிறது. பார்வோ தொற்றிய குட்டிகளுக்கு விரைவாக உணவூட்டியபோது அவை சீக்கிரமாகத் தேறியதை ஓர் ஆய்வு 2003இல் காட்டியது. ஆகவே, வாந்தியின்றி வயிற்றோட்டம் மட்டும் இருந்தால் பட்டினி தேவையில்லை. வாந்தியெடுக்கும் வளர்ந்த நாய்க்கு ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் வரை உணவை நிறுத்தலாம். அதற்கு மேல் நிறுத்துவது நன்மையைவிடத் தீமையையே செய்யும். பொமரேனியன் போன்ற சிறிய நாய்களையும் நீரிழிவுள்ள நாய்களையும் வைத்தியரின் சொல்லின்றிப் பட்டினி போடக் கூடாது.

கொடுக்கும் உணவில் கொழுப்பு குறைவாக இருக்க வேண்டும். கொழுப்பு இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்திக் குமட்டலை நீட்டிக்கிறது. தோலும் எலும்பும் நீக்கி, உப்பு, மிளகாய், மஞ்சள், வெங்காயம், எண்ணெய் எதுவுமின்றி நீரில் அவித்த கோழி நெஞ்சிறைச்சி ஒரு பங்கும், குழைய வடித்த வெள்ளைச் சோறு இரண்டு பங்குமாகப் பிசைந்தால் போதும். தவிடு நீங்காத சிவப்பரிசியில் நார் கூடுதலாக இருப்பதால் இந்த நாட்களுக்கு அது ஏற்றதன்று. 10 கிலோகிராம் நாய் ஓய்வாக இருக்கும்போது ஒரு நாளைக்கு ஏறத்தாழ 400 கலோரி தேவைப்படும்; 200 கிராம் சோறும் 100 கிராம் கோழியும் அதைத் தந்துவிடும். முதல் நாள் அதன் பாதிக்கும் குறைவாகத் தொடங்கி, ஐந்தாறு வேளைகளாகப் பிரித்துக் கொடுக்கலாம். கோழி ஒத்துக்கொள்ளாத, மீன் தின்று பழகிய நாய்க்கு முள் நீக்கி அவித்த சூரை மீன் ஏற்றது. டின் மீனில் உப்பும் எண்ணெயும் மிகுதி. வீட்டில் மாமிசம் சமைக்காதவர்கள் சங்கடப்பட வேண்டியதில்லை. வயிற்று நோய்க்கென்றே தயாரிக்கப்பட்ட டின் உணவுகள் மிருக வைத்தியசாலைகளில் கிடைக்கின்றன. உண்மையில் அவை கோழியும் சோறும் தருவதைவிட முழுமையான ஊட்டமும் தருகின்றன. வீட்டில் செய்யும் கலவையில் கல்சியமும் வேறு பல நுண்சத்துகளும் போதாமையால் அதை ஒரு வாரத்திற்கு மேல் நீட்டிக்க வேண்டாம்.

மலம் இளகியே இருந்தால், அவித்து மசித்த பூசணிக்காயை ஒன்றிரண்டு மேசைக்கரண்டி கலக்கலாம். அதிலுள்ள கரையும் நாரைப் பெருங்குடலின் நல்ல பக்டீரியாக்கள் நொதிக்கச் செய்யும்போது உண்டாகும் குறுங்கொழுப்பமிலங்கள் குடற்சுவரின் கலங்களுக்கு உணவாகின்றன. தயிர் நல்லதென்று பலர் சொல்வார்கள். நம்மிடம் கிடைக்கும் எருமைத் தயிரில் கொழுப்பு அதிகம். பாலையும் பால்மாவையும்போல் அதிலுள்ள இலக்டோசும் சில நாய்களுக்கு வயிற்றோட்டத்தைக் கூட்டும். நல்ல நுண்ணுயிர் வேண்டுமானால் நாய்களுக்கென்றே தயாரான பொடிகளை வைத்தியரிடம் கேட்டு வாங்குவதே மேல். சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காமல் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, ஒவ்வொரு வேளைக்கும் வேண்டியதை மட்டும் எடுக்க வேண்டும்.

இனி மருந்து. இந்த இடத்தில்தான் அன்பு அதிகம் தீங்கு செய்கிறது. சோர்ந்து படுத்திருக்கும் நாய்க்குப் பனடோல் பாதி கொடுப்பதும், வயிறு வலிக்கிறதென்று இபுப்ரோஃபனோ டைக்குளோஃபெனக்கோ கொடுப்பதும் வயிற்றுக் குழப்பத்தை ஈரல் பாதிப்பாகவும் இரைப்பைப் புண்ணாகவும் சிறுநீரகச் செயலிழப்பாகவும் மாற்றிவிடக்கூடும். வயிற்றோட்டத்தை நிறுத்தும் லோபெரமைட், நஞ்சும் கிருமியும் வெளியேற வேண்டிய நேரத்தில் குடலின் அசைவை அடக்குகிறது. கொலி இன நாய்களில் பரவலாக உள்ள ஒரு மரபணு மாற்றத்தால் அது மூளைக்குள்ளும் புகுந்துவிடும். மெற்றோனிடசோல் என்ற நுண்ணுயிர்க்கொல்லியை வீட்டில் எஞ்சியிருந்த அட்டையிலிருந்து எடுத்துக் கொடுக்கும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது. மிதமான வயிற்றோட்டத்துக்கு நுண்ணுயிர்க்கொல்லி தேவையில்லை என்பதே இன்றைய மருத்துவ வழிகாட்டல்களின் நிலைப்பாடு. அது குடலிலுள்ள நல்ல பக்டீரியாக்களையும் சேர்த்தே அழித்து, அவை பழைய நிலைக்குத் திரும்புவதற்கு வாரக்கணக்கில் எடுக்கவைக்கிறது. நஞ்சு தின்ற நாய்க்கு உப்புநீர் புகட்டி வாந்தியெடுக்க வைப்பதும், தேங்காயெண்ணெய் ஊற்றுவதும் மிகவும் ஆபத்தானவை. உப்பு இரத்தத்தில் ஏறி வலிப்பைத் தரும். எண்ணெய் மூச்சுக்குழாய்க்குள் போனால் நுரையீரல் அழற்சியில் முடியும். எலிப்பாஷாணப் பொதியின் உறையைக் கையோடு எடுத்துக்கொண்டு வைத்தியசாலைக்கு ஓடுவதே அந்த நேரத்தில் செய்யத்தக்கது.

வாந்தியையும் மலத்தையும் துடைத்த பின் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவ வேண்டும், குழந்தைகளை அவ்விடத்திலிருந்து விலக்கி வைக்க வேண்டும் என்பது எல்லோரும் அறிந்ததே. பார்வோ என்ற ஐயம் இருந்தால் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். அந்த வைரஸ் தரையில் மாதக்கணக்கில் உயிர்ப்புடன் இருக்கும். அழுக்கை முதலில் அகற்றிவிட்டு, ஒரு பங்கு வெளிற்றும் திரவத்துக்கு 30 பங்கு நீர் கலந்து தரையில் பத்து நிமிடம் விட்டுக் கழுவினால் அது அழியும்.

பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள் வாந்தி நின்று, 48 முதல் 72 மணி நேரத்துக்குள் மலம் இறுகத் தொடங்கும். பசி திரும்பி, நாய் வாசலுக்கு ஓடிவரத் தொடங்கியதும் பழைய உணவைக் கொடுத்துவிட வேண்டும் என்ற ஆசை எழும். ஆனால் மலம் முற்றாகச் சீரான பின்னரும் இரண்டு நாட்கள் இலகு உணவையே தொடர்ந்து, அதன் பின்னர் நான்கைந்து நாட்களில் பழைய உணவின் பங்கைச் சிறிது சிறிதாகக் கூட்டிச் செல்ல வேண்டும். அந்த நாட்களில் மலத்தைக் கவனிப்பது கூச்சப்பட வேண்டிய காரியமன்று. அளவில் அதிகமாகவும் நீர்த்தும் நாளுக்குச் சில தடவைகள் மட்டும் கழிந்தால் கோளாறு சிறுகுடலில் இருக்கலாம். சிறிது சிறிதாக, அடிக்கடி, முக்கலுடன், சளி படிந்து கழிந்தால் பெருங்குடலில் இருக்கலாம். இந்த ஒரு விவரமே வைத்தியரின் வேலையைப் பாதியாகக் குறைத்துவிடும்.

மூன்று நாட்களாகியும் சீராகாவிட்டால், அல்லது நின்றுவிட்ட வயிற்றோட்டம் சில வாரங்களில் மீண்டும் மீண்டும் வந்தால், குடற்புழுக்களையும் ஜியார்டியா என்ற ஒட்டுண்ணியையும் தேட வேண்டும். நாய்களின் குடலில் வாழும் கொக்கிப்புழுக்களுள் ஒன்றான அன்சைலோஸ்டோமா செய்லானிக்கம், 1911இல் இலங்கையின் புனுகுப்பூனையொன்றிலிருந்தே முதன்முதலாக விவரிக்கப்பட்டது. அது மனிதரின் குடலிலும் வளரக்கூடியது. வளர்ந்த நாய்க்கு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை புழுமருந்து கொடுப்பது வழக்கம். குட்டிகளுக்கு இரண்டு வார வயதிலேயே தொடங்க வேண்டும். ஆனால் வழக்கமான புழுமருந்துகள் பலவும் ஜியார்டியாவைக் கொல்லப் போதாதவை. அந்த ஒட்டுண்ணியின் கூடுகள் எல்லா நாட்களிலும் மலத்தில் வருவதுமில்லை. ஆகவே ஒரு தடவை பரிசோதித்துவிட்டு இல்லையென்று முடிவு செய்யாமல், வெவ்வேறு மூன்று நாட்களின் மலத்தை மூடிய சிறு போத்தல்களில் எடுத்து, உடனே கொண்டுபோக முடியாவிட்டால் மனிதர் உணவு வைக்காத ஒரு குளிர்ப்பெட்டியில் வைத்து, எடுத்த நேரத்தையும் எழுதி ஒட்டிக்கொண்டு செல்வது நல்லது.